காற்றிலிருந்து நாருக்கு: ஏரோபோனிக்ஸ் நாற்று இடம் மாறும் வேளை

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது பழமொழி. பெரும்பாலும் பிள்ளைகளைக் குறித்தே நாம் இதைச் சொல்லுகிறோம். நாற்று வளர்த்து விற்பவருக்கோ இது அன்றாடக் கணக்கு. அவரிடமிருந்து நாற்று வாங்கிச் செல்லும் உழவர், பசுமைக்குடிலில் பைகளை நிரப்பி, சொட்டுநீர்க் குழாய்களைச் சரிபார்த்து, ஆள்களுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கிறார். நட்ட பத்தாம் நாள் நாற்றுகள் சாய்ந்துவிட்டால் அவர் இழப்பது நாற்றின் விலையை மட்டுமன்று. ஒரு பருவத்தையே இழக்கிறார்.

அண்மைக் காலமாக, மண்ணின்றி நாற்று வளர்க்கும் முறைகளில் ஏரோபோனிக்ஸ் என்பது பலருடைய கவனத்தையும் ஈர்த்துள்ளது. வேரைக் காற்றில் தொங்கவிட்டு, சத்து நீரைத் திவலையாகத் தெளித்து நாற்றை வளர்ப்பது. பின்னர் அதைத் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பையிலோ தொட்டியிலோ நடுவது. இம்முறையில் முதலீடு செய்ய விழைவோரும், மாடித் தோட்டத்தில் முயன்று பார்க்க எண்ணுவோரும் பெருகி வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் கருவியைப் பற்றியே விரிவாக விசாரிக்கின்றனர். ஆனால் இம்முறையில் ஆதாயமும் இழப்பும் தீர்மானிக்கப்படுவது, காற்றிலிருந்து நாருக்கு நாற்று இடம் மாறும் அந்த ஒரு வாரத்தில்தான். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றில் தொங்கும் வேர்

‘ஏரோபோனிக்ஸ்’ என்னும் பெயரை 1957ஆம் ஆண்டில் வழங்கியவர் ஃபிரிட்ஸ் வென்ட் என்னும் தாவரவியல் அறிஞர். காப்பிச் செடியையும் தக்காளியையும் வேர்கள் காற்றில் தொங்கும்படி அவர் வளர்த்துக் காட்டினார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வணிகக் கருவியாக இது அமெரிக்காவில் 1983இல் விற்பனைக்கு வந்தபோது, அதன் முதற்பயன் தண்டுத் துண்டுகளுக்கு வேர்பிடிக்கச் செய்வதாகவே இருந்தது. அதாவது, முழுப் பயிரையும் வளர்ப்பதற்கு முன்னரே நாற்றங்கால் பணிக்கு இம்முறை ஏற்றது எனக் கண்டுகொண்டனர்.

இதன் அமைப்பு எளியது. ஒளி புகாத மூடிய பெட்டி. அதன் மேல்மூடியில் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு வலைக்கிண்ணம். அதில் கடற்பஞ்சு போன்ற மென்துண்டு பற்றிப் பிடித்திருக்கும் நாற்று. வேர்கள் பெட்டியின் இருட்டுக்குள் தொங்கும். அடியிலுள்ள தொட்டியிலிருந்து சத்துக்கரைசலைப் பம்பு ஏற்றி, நுண்தூவிகள் வழியே வேர்களின்மீது தெளிக்கும். உயர் அழுத்தக் கருவிகளில் திவலையின் அளவு ஏறக்குறைய 50 மைக்ரான்; தலைமயிரின் தடிமனை ஒத்தது. குறைந்த அழுத்தக் கருவிகளில் துளி பெரிது, விலை குறைவு, வீட்டு முயற்சிக்கு அதுவே போதும்.

மண்ணில் வேருக்கு நீர் மிகுந்தால் காற்றுக் குறையும். காற்று மிகுந்தால் நீர் குறையும். இங்கோ இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஆதலால் வேர் விரைந்து வளர்கிறது. அதன் மேற்புறமெங்கும் வேர்த்தூவிகள் வெண்பஞ்சுபோல் அடர்கின்றன. இந்த அழகிய வெண்மையே பின்னர் நாம் காணப்போகும் இடர்ப்பாட்டுக்கும் காரணமாகிறது.

உருளைக்கிழங்கு காட்டிய வழி

நம் நாட்டில் ஏரோபோனிக்ஸ் முறைக்கு உறுதியான இடம் தேடித் தந்தது உருளைக்கிழங்கு. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையை விதைக்கிழங்கு உற்பத்திக்கெனச் செம்மைப்படுத்தியது. திசு வளர்ப்பில் கிடைத்த நோயற்ற சிறு செடிகளைப் பெட்டியின் மேல் பொருத்தி வேர்களைக் காற்றில் தொங்கவிடுகின்றனர். வேர்களிடையே கோலிக்குண்டு அளவிலான குறுங்கிழங்குகள் உண்டாகின்றன. முதிர்ந்தவற்றை மட்டும் அவ்வப்போது பறித்துக்கொள்ளலாம். வலைக்குடிலில் ஒரு செடிக்கு 8 முதல் 10 வரை கிடைத்த குறுங்கிழங்குகள், இம்முறையில் 35 முதல் 60 வரை கிடைப்பதாக அந்நிறுவனம் தெரிவிக்கிறது. அரியானா மாநிலம் கர்னால் மாவட்டத்தில் ஷாம்கட் என்னும் ஊரிலுள்ள உருளைக்கிழங்குத் தொழில்நுட்ப மையமும் இம்முறையைக் கையாளுகிறது.

இங்கு ஏரோபோனிக்ஸ் ஏன் பயன் தருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாய்ச்செடி விலை மிக்கது, நோயின்மை இன்றியமையாதது, ஒரு செடியிலிருந்து பெறும் எண்ணிக்கை பன்மடங்காகிறது. இம்மூன்றும் கூடும்போது கருவியின் செலவு தாங்கும்.

இதே உருளைக்கிழங்கில் மற்றொரு வழியும் உண்டு. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், திசு வளர்ப்புச் செடிகளின் நுனித்தண்டுகளைக் கிள்ளி, நார்த்தூள் நிரப்பிய குழித்தட்டுகளில் வேர்பிடிக்கச் செய்து உழவர்களுக்கு நாற்றாக வழங்குகின்றனர். காற்றுப் பெட்டி அங்கு இல்லை. ஆகவே, எல்லா நாற்றுக்கும் ஏரோபோனிக்ஸ் வேண்டும் என்பதில்லை. மலிவான விதையிலிருந்து வரும் கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு 98 குழிகள் கொண்ட குழித்தட்டே நிறைவானது. அரிய விதை, வேர்பிடிக்கத் தயங்கும் தண்டுத் துண்டு, திசு வளர்ப்புச் செடி, பசுமைக்குடிலுக்கான உயர்விலைக் குடைமிளகாய், கலப்பினத் தக்காளி போன்றவற்றுக்கே இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நார்த்தூளைப் பழக்குதல்

நாற்று குடியேறப்போகும் இல்லம் தேங்காய் நார்த்தூள். கடைகளில் கோகோ பீட் என்று கேட்டால் கிடைப்பது இதுவே. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் தூள், பொள்ளாச்சி போன்ற தென்னை வட்டாரங்களில் ஒரு காலத்தில் சாலையோரம் மலைபோல் குவிந்து கிடந்தது. இன்று அது கட்டிகளாக அழுத்தப்பெற்றுப் பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. 5 கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறினால் ஏறக்குறைய 65 முதல் 75 லிட்டர் தூளாக விரியும். தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும் காற்றுக்கு இடம் விடுவது அதன் சிறப்பு.

ஆயினும் வாங்கியவுடன் நடுவதற்கு அது ஏற்றதன்று. தென்னை கடலோரப் பயிர். மட்டையை உவர்நீரில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. ஆதலால் தூளில் சோடியம், குளோரைடு, பொட்டாசியம் ஆகியவை மிகுந்திருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் உப்பின் பெரும்பகுதி நீங்கும். இ.சி. எனப்படும் மின்கடத்துத் திறனை அளக்கும் சிறு கருவியால் வடிநீரைச் சோதித்து, 0.5 மில்லிசீமென்சுக்குக் கீழ் வந்தபின் நிறுத்தலாம்.

அலசல் மட்டும் போதாது. நார்த்தூளின் துகள்கள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தம்மேல் பற்றி வைத்திருக்கும். நாம் சத்துக்கரைசல் ஊற்றும்போது அதிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் துகள்கள் பிடித்துக்கொண்டு, பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விடுவிக்கும். செடிக்கென ஊற்றிய கால்சியம் தூளுக்குப் போய்விடும். இளந்தளிரின் நுனி கருகுவதும், பின்னாளில் தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் இக்குறையால் நேரலாம். இதைத் தவிர்க்க, ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்த கரைசலில் தூளை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் வடித்து, நல்ல நீரால் ஒருமுறை அலச வேண்டும். இதற்கான செலவு மிகச் சிறிது. இதைச் செய்யாமல் விட்டால் வரும் இழப்போ பெரிது.

பெட்டிக்குள் இருக்கும் நாள்கள்

விதையை நனைத்த மென்துண்டில் ஊன்றி முளைக்கச் செய்து, முளைவேர் துண்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தபின் பெட்டிக்கு மாற்ற வேண்டும். முதலில் சத்துக்கரைசல் மென்மையாக இருத்தல் வேண்டும்: மின்கடத்துத் திறன் 0.8 முதல் 1.0 மில்லிசீமென்ஸ், பி.எச். அளவு 5.5 முதல் 6.2. இலைகள் விரிந்தபின் 1.2 வரை உயர்த்தலாம். குறைந்த அழுத்தக் கருவியில் ஒரு நிமிடம் தெளித்து நான்கைந்து நிமிடம் நிறுத்துவது பொதுவான தொடக்கம்.

நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் கவனம் வேண்டுவன இரண்டு. முதலாவது, கரைசலின் வெப்பம். 18 முதல் 22 டிகிரி செல்சியசுக்குள் இருப்பது நன்று. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7.5 ஆகக் குறைந்துவிடும். வெப்ப நீரில் வேரழுகல் கிருமிகளும் பெருகும். தொட்டியை நிலத்தில் பாதி புதைப்பது, நிழலில் வைப்பது, வெப்பம் தாங்கும் அட்டையால் சுற்றுவது ஆகியவை எளிய காப்புகள்.

இரண்டாவது, மின்சாரம். குழித்தட்டு நாற்றுக்குத் தூளில் தேங்கிய நீர் ஒருநாள் வரை துணை நிற்கும். காற்றில் தொங்கும் வேருக்கு அத்தகைய சேமிப்பு எதுவும் இல்லை. கோடையின் நண்பகலில் பம்பு அரைமணி நேரம் நின்றாலே வேர்நுனிகள் காயத் தொடங்கும். ஆகவே இன்வெர்ட்டரும் மாற்றுப் பம்பு ஒன்றும் இம்முறையின் உறுப்புகளே. திட்டச் செலவில் இவற்றைச் சேர்க்காமல் போடும் கணக்கு முழுமையானதன்று. நுண்தூவி அடைத்துக்கொள்வதும் மின்தடைக்கு நிகரான ஆபத்து. வடிகட்டியை வாரந்தோறும் கழுவ வேண்டும்.

இடம் மாறும் வேளை

பெட்டியிலிருந்து எடுத்த நாற்றைக் காண்போர் வியப்பர். தண்டு திடமாகவும், இலை பசுமையாகவும், வேர் வெண்பட்டு நூல்போலவும் இருக்கும். நார்த்தூளில் நட்டு நீர் ஊற்றிய மறுநாள் அதே நாற்று தலைகவிழ்ந்து நிற்கும். நட்டவர் பதறி மேலும் நீர் ஊற்றுவார். மூன்றாம் நாள் வேர் அழுகும். இம்முறையில் நேரும் இழப்புகளுள் பெரும்பகுதி இந்த ஒரு தவற்றால் வருவது.

காரணம் இது: காற்றில் வளர்ந்த வேர், ஈரம் ததும்பும் பெட்டியில் எதிர்ப்பின்றி வளர்ந்தது, துகள்களிடையே நுழைந்து நீர் தேடிப் பழகாதது. எடுக்கும்போது அதன் நுண்ணிய வேர்த்தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்து விடுகின்றன. பல அறுந்தும் போகின்றன. தூளுக்கும் வேருக்கும் நெருக்கமான தொடர்பு ஏற்படச் சில நாள்கள் ஆகும். அதுவரை வேர் உறிஞ்சும் நீர் குறைவு. இலை வெளியேற்றும் நீரோ முன்போலவே இருக்கும். சுற்றிலும் ஈரம் இருந்தும் நாற்று வாடுவது இதனால்தான். ஆகவே வாடிய நாற்றுக்கு மருந்து நீரன்று; நிழலே. இலையின் செலவைக் குறைத்தால், வேர் தன் வரவைப் பெருக்கிக்கொள்ளும்.

இதனை மனத்தில் கொண்டு பின்வருமாறு செய்யலாம்.

1. வேர் 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளம் அடைந்ததும் மாற்றிவிட வேண்டும். நீண்டு தொங்கும் வேர் பார்வைக்கு அழகு. நடும்போது மடிந்து முறியும். கீரை வகைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரமும், தக்காளி, குடைமிளகாய்க்கு மூன்று முதல் நான்கு வாரமும் ஆகலாம்.

2. மாற்றுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தெளிப்புகளுக்கு இடையிலான நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டி, நாற்றைப் பழக்க வேண்டும். இலைகள் துவளும் அறிகுறி தெரிந்தால் பழைய இடைவெளிக்குத் திரும்பிவிட வேண்டும்.

3. முன்னரே பழக்கிய நார்த்தூளை, நடுவதற்கு முதல்நாள், பெட்டியில் உள்ள கரைசலைப் போன்ற வலிமையுள்ள கரைசலாலேயே நனைத்து வைக்க வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் சில சொட்டுகள் மட்டும் விழும் பதம் போதும்.

4. மாலையில், வெயில் தணிந்தபின் நட வேண்டும். ஓர் இரவு முழுதும் நாற்றுக்கு ஓய்வு கிடைக்கும்.

5. அகன்ற குழியிட்டு, மென்துண்டுடனேயே நாற்றை அதில் நிறுத்தி, வேரைச் சுற்றிலும் தளர்வாகத் தூளைச் சரிய விட வேண்டும். விரலால் அழுத்துதல் கூடாது. மெல்ல ஊற்றும் கரைசலே தூளை வேரோடு சேர்த்துவிடும். தண்டைப் புதைத்தலும் கூடாது.

6. முதல் நான்கு நாள் 50 விழுக்காடு நிழல்வலை. முதலிரு நாள் இலைகளின்மேல் இரண்டு மூன்று முறை மென்தூவல். அடியில் நீர் தேங்காதபடி சிறிது சிறிதாகப் பாய்ச்சுதல்.

7. ஐந்தாம் நாளளவில் நாற்றை மெல்ல அசைத்துப் பார்த்தால் அது தூளைப் பற்றிக்கொண்டிருப்பது தெரியும், புதுத்தளிரும் தோன்றும். அதன்பின் நிழலைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு வாரத்தில் முழு ஒளிக்குக் கொண்டுவரலாம்.

பிழைத்த நாற்றின் அடக்கவிலை

வங்கி வாடிக்கையாளருக்கு இதன் பொருள் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இத்தொகைகள் கணக்கை விளக்குவதற்காகக் கற்பனையாகக் கொண்டவை. 1,000 நாற்றுகள் வளர்க்க விதை, சத்துக்கரைசல், மின்சாரம், கூலி, தேய்மானம் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் ஆகிறது என்றும், நாற்று ஒன்றை 5 ரூபாய்க்கு விற்கிறோம் என்றும் கொள்வோம். இடம் மாற்றியபின் 950 நாற்றுகள் பிழைத்தால் ஒவ்வொன்றின் அடக்கவிலை ஏறக்குறைய 4 ரூபாய் 21 காசு. மொத்த ஆதாயம் 750 ரூபாய். 700 மட்டுமே பிழைத்தால் அடக்கவிலை 5 ரூபாய் 71 காசாக உயர்கிறது. 500 ரூபாய் இழப்பு. கருவியும் அதுவே, விதையும் அதுவே. ஆதாயத்தை இழப்பாக மாற்றியது அந்த ஒரு வாரமே.

எனவே கருவியின் விலைப்பட்டியலை வாங்கும் முன்னர், ஒரு சிறு சோதனை செய்து பார்ப்பது அறிவுடைமை. ஒரே விதையில் 50 நாற்றுகளைச் சிறு காற்றுப் பெட்டியிலும், 50 நாற்றுகளை நார்த்தூள் நிரப்பிய குழித்தட்டிலும் வளர்த்துப் பாருங்கள். எத்தனை நாளில் நடும் பருவம் வந்தது, மாற்றியபின் பதினைந்தாம் நாள் எத்தனை பிழைத்தன, மின்சாரம் எவ்வளவு, எத்தனை முறை மின்தடை நேர்ந்தது என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். குளிர்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்தால், உங்கள் ஊருக்கு உரிய விடை கிடைத்துவிடும். குழித்தட்டே வென்றால் அதுவும் நல்ல விடையே. ஒரு பெரிய கடனை அது தவிர்த்துவிடும்.

கடன் பெற எண்ணுவோருக்கு

சோதனையில் தெளிவு பெற்றபின் தொழிலாக விரிவாக்க விரும்புவோர்க்கு வழிகள் உள்ளன. 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள திட்டங்களுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை, அதிக அளவாக 7 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. பசுமைக்குடில், ஹைட்ரோபோனிக்ஸ், ஏரோபோனிக்ஸ் போன்றவையும் இத்திட்டத்தில் இடம்பெறுகின்றன. தகுதியும் விதிகளும் அவ்வப்போது திருத்தப்பெறுவதால், விண்ணப்பிக்கும் காலத்து நிலையைக் கிளை அலுவலரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

திட்ட அறிக்கையுடன் மேற்சொன்ன குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். நூறு நாற்றுகளில் எத்தனை பிழைத்தன என்பதைத் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கும் விண்ணப்பதாரரின் திட்டத்தை மதிப்பிடுவது எளிது. மின்தடைக்கு என்ன ஏற்பாடு, நீரின் உப்புத்தன்மை எவ்வளவு, நாற்றை வாங்குவோர் யார், வெயில் மாதங்களில் என்ன செய்வீர்கள் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை ஆயத்தமாக இருக்கட்டும். கடன் தவணையையும் நாற்று விற்பனைப் பருவத்தையும் ஒட்டி அமைத்துக்கொள்வது நன்று; நாற்று ஆண்டு முழுதும் ஒரே அளவில் விற்பதில்லை.

இன்னொன்றும் சொல்லத் தகும். நாற்றை விற்கும்போது, நிழல்வலை எத்தனை நாள், எவ்வளவு நீர், எந்த வேளையில் நடுவது என்பதை ஒரு சிறு தாளில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். காற்றில் வளர்ந்த நாற்றை முதன்முறையாக வாங்குபவர், குழித்தட்டு நாற்றைப் போலவே அதையும் நடத்துவார். வாடியதைக் கண்டு நீரை ஊற்றுவார். அந்த ஒரு தாள் அவருடைய பருவத்தைக் காக்கும்; அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் உங்களிடமே வருவார்.